சமணர் மலையில் கசக்காத வேப்பிலை

தல்லாகுளத்திலிருந்து சமணர் மலை இருக்கும் கீழக்குயில்குடி ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர். போக, காத்திருக்க, திரும்ப எழுநூறு ரூபாய் என்று ஆட்டோக்காரர் செல்வத்திடம் பேசிக்கொண்டு சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம். என் மகள் கயல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வரலாறு படிக்கிறாள். வரலாறு படிக்கிற பிள்ளை வரலாற்றுப் புத்தகத்தோடு வரும் என்று நினைத்தால், கையில் ஒரு மாத நாவல். அட்டையில் குகை, குகை வாசலில் வாளோடு ஒருத்தி. ஷூ போடு என்று மூன்று முறை சொல்லியும் காலில் ரப்பர் செருப்பு.

"மகால்ல இருந்து இந்த மலை வரைக்கும் சுரங்கம் போகுதுண்ணே. குதிரையிலயே வருவாங்களாம்" என்றார் செல்வம்.

"யாரு போய்ப் பாத்தா?"

"எல்லாரும் சொல்றாங்கள்ல."

மதுரையில் எந்த ஊருக்கு ஆட்டோ பிடித்தாலும் அந்த ஊருக்கு மகாலிலிருந்து ஒரு சுரங்கம் உண்டு. அத்தனையும் நிஜமாக இருந்தால் பாதாளச் சாக்கடைக்குத் தனியாகப் பள்ளம் தோண்டியிருக்கவே வேண்டாம். கயல் மட்டும் கண் விரியக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

ஏழேகாலுக்கு மலையடிவாரம். தாமரைக் குளம், ஐயனார் கோயில், ஆலமரங்கள். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். அடியில் வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள். பக்கத்துப் பாறையில் இந்தக் காலத்துக் காதலர்களின் பெயர்கள். அவர்கள் ஒரு சிற்பத்தைச் செய்துவிட்டுப் பெயரை வெட்டினார்கள். இவர்கள் ஒன்றும் செய்யாமலே வெட்டியிருக்கிறார்கள்.

நான் இதற்காக எரிச்சல்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கயல் சுரங்க வாசலைத் தேடி, படியை விட்டு விலகிக் காய்ந்த புல்லுக்குள் இறங்கிவிட்டாள்.

"அப்பா, கால்ல ஏதோ குத்திருச்சு."

கணுக்காலுக்கு மேலே இரண்டு சிவப்புப் புள்ளிகள். புல்லுக்குள் ஏதோ சரசரத்துப் போனது. அது ஓணானா, பாம்பா, என் பயமா என்று இன்றுவரை தெரியாது. நானும் ஒரு காலத்தில் மாத நாவல் படித்தவன்தான். அவற்றில் கதாநாயகன் என்ன செய்வானோ அதையே செய்தேன். அவளுடைய துப்பட்டாவை முழங்காலுக்குக் கீழே, பாதம் நிறம் மாறும்வரை இறுக்கிக் கட்டினேன். செல்வத்தை போனில் கூப்பிட்டு, இருவருமாகக் கைகோத்து அவளை உட்காரவைத்து இறக்கினோம்.

அடிவாரத்து டீக்கடை அக்கா வழியை மறித்துவிட்டார். "மொதல்ல வெசம் ஏறிருச்சான்னு பாக்கணும்" என்று வேப்பங்கொத்தை ஒடித்து நீட்டினார். விஷம் ஏறியிருந்தால் வேப்பிலை கசக்காது என்பது இந்தப் பக்கத்துக் கணக்கு.

"நல்லா மெல்லு தாயி. கசக்குதா?"

கயல் மென்றாள். என்னைப் பார்த்தாள். "இல்லக்கா."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் டம்ளரை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். பெஞ்சில் இருந்த ஒருவர், "இனிக்குதான்னு கேளுங்க" என்றார். செல்வம் என் காதருகே வந்து, "பிளேடு இருக்குண்ணே, கீறி உறிஞ்சிருவோமா?" என்றார். அவரும் மாத நாவல்தான் படிக்கிறார் போலிருக்கிறது.

"என்னத்தய்யா உறிஞ்சுவ? வண்டிய எடு."

நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டும்போது கயல் என் கையைப் பிடித்தாள். "அப்பா, பயப்படாதீங்க. மார்ச்ல காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுல இருந்தே எனக்கு எதுவும் கசக்கல. இனிக்கவும் இல்ல."

என்னைத் தேற்றுவதற்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "பேசாம வா."

"நெசமாப்பா. நீங்க வைக்கிற கொழம்புல ஒண்ணுமே தெரியல."

இவள் அம்மாவுக்குத் திருச்சியில் வேலை. வீட்டில் சமையல் நான். ஐந்து மாதமாகத் தினமும் எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். தினமும் நல்லா இருக்குப்பா என்கிறாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க தூங்க மாட்டீங்க."

இதை நம்பினால் பாம்பு இல்லை, நோய் உண்டு. நம்பாவிட்டால் பாம்பு. காளவாசல் சிக்னலில் எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

எட்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. டாக்டர் அம்மாவுக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். முதல் வேலையாகத் துப்பட்டாவை அவிழ்த்தார்.

"யாரு கட்டுனது?"

"நான்தான்."

"எந்தக் கதையில படிச்சீங்க? இப்பிடி இறுக்குனா கட்டே காலைக் கெடுத்துரும். அசைக்காம நேரா கூட்டிட்டு வந்தாப் போதும்."

வேப்பிலை பற்றிச் சொன்னபோது நிமிர்ந்தே பார்க்கவில்லை. கயலின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து அசையாமல் நிறுத்திவைத்தார். இருபது நிமிடத்தில் உறைந்தால் நல்லது; தண்ணீராகவே ஓடினால் விஷம். மாத நாவலில் இந்த இடத்தில் அத்தியாயம் முடிந்துவிடும். அடுத்த பக்கத்தில் அவள் கண் விழிப்பாள். எனக்குப் பக்கம் புரளவில்லை. அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் குழாயைச் சாய்த்தார். ரத்தம் ஓடவில்லை.

மறுநாள் காலைவரை படுக்கவைத்து, திரும்பத் திரும்பச் சோதித்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். நாக்கில் ருசி தெரியாததைச் சொன்னதும், அதற்கு மட்டும் திங்கட்கிழமை காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வரச் சொன்னார்கள். ருசி ஏன் போனது, எப்போது திரும்பும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சமணர் மலைக்குப் போகிறவர்கள் அவசியம் போங்கள். வெயிலுக்கு முன்னால் ஏறுங்கள், ஷூ போடுங்கள், படியை விட்டு இறங்காதீர்கள். சுரங்கம் இல்லை.

ஞாயிறு காலை வெளியே வந்ததும் கோரிப்பாளையம் முக்கில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். கயலுக்குப் பொங்கல் வந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "எப்பிடி இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

பழக்கத்தில் தலையாட்டப் போனவள் நிறுத்திக்கொண்டாள். இன்னொரு வாய் எடுத்து, நிதானமாக மென்றாள்.

"சூடா இருக்குப்பா. அம்புட்டுத்தான் தெரியுது."