இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி

என் அக்கா மகள் செல்லம் செத்ததற்கு நான்தான் காரணம். இதை எழுத எனக்கு எண்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

இன்று காலை பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு பூக்காரியின் கூடை சாய்ந்து சாலையெல்லாம் செவ்வரளி. சக்கரத்தில் நசுங்கிய அந்தக் கசப்பு வாசனை மூக்கில் ஏறியதும், வெள்ளைக்காரன் காலத்து எங்கள் ஊர் பாரிவாக்கத்தில் போய் நின்றேன்.

செல்லத்துக்கு ஐந்து வயது. தொண்டை வீங்கி மூச்சுத் திணறியது. அவள் அப்பா, என் மாமா, பட்டாளத்தில். பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டி ஓட்ட வீட்டில் என்னை விட்டால் ஆளில்லை; போனால் திரும்ப இரண்டு நாளாகும். ஆனால் எங்கள் பக்கத்தில் எதற்கும் முதலில் அம்மனிடம் பூ கேட்பார்கள். வெள்ளையும் சிவப்பும் தனித்தனியாக இலையில் மடித்து அவள் காலடியில் போட்டு, வேண்டிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் போகலாம். சிவப்பு என்றால் கூடாது.

மறுநாள் கரையான்சாவடியில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள். பள்ளி இறுதி வகுப்பு தேறிய மாப்பிள்ளை அல்லவா, தேய்த்த சட்டை முந்தின நாளே கொடியில் தொங்கியது. பூ மடிக்கும் வேலையும் என்னிடம்தான் வந்தது.

"இன்னா மாப்ளே, மடிக்க இம்மாம் நேரமா? பொண்ணு நெனப்பா?" என்று சிரித்தார் பூசாரி.

இரண்டிலும் சிவப்பையே வைத்தேன்.

அக்கா ஈரப் புடவையோடு விழுந்தாள். "தாயே, எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சொல்றத கேட்டுக்கினு கெடக்கறேன். கொயந்தைய மட்டும் எனக்கு உட்டுடு." ஒன்றைப் பிரித்தாள். "போவ வேணாங்கறாடா. அவளே பாத்துக்குவா." அவள் முகம் தெளிந்துவிட்டது. மற்றதை நான் ஏரியில் எறிந்தேன்.

மறுநாள் கரையான்சாவடியில் பெண் வீட்டில் நான் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் செல்லம் அடங்கிவிட்டாள்.

அக்கா அம்மனை ஒரு வார்த்தை நொந்துகொண்டதில்லை. வெள்ளிதோறும் விளக்கேற்றுவாள். "அவதான் இட்டுக்கினு போனா. அவகிட்டதான் கீறா" என்பாள். முப்பது வருடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தாங்காமல் ஒரு வெள்ளிக்கிழமை, திரி திரித்துக்கொண்டிருந்தவளின் காலைப் பிடித்துச் சொல்லிவிட்டேன். அடித்தால் தேவலை என்றிருந்தது.

அவள் அடிக்கவில்லை. "அவ சொன்னான்னுதான்டா இத்தினி வருசம் உசுரோட கெடந்தேன். இத்த ஏன்டா எங்கிட்ட சொன்னே?" என்றாள்.

திரியைக் கீழே வைத்தாள். அன்று விளக்கேற்றவில்லை. சாகும்வரை ஏற்றவேயில்லை.

இப்போது அந்தக் கோயிலில் பூ கேட்பவர் யாருமில்லை. வெள்ளிக்கிழமைகளில் நான்தான் போய் விளக்கேற்றுகிறேன். கை கூப்பினால், என்ன கேட்பதென்று தெரிவதில்லை.