துண்டு வாத்தியாரின் மீசை

மொட்டை அடித்தவனிடம் சென்னையில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். திருப்பதியா, பழனியா? கேட்கும்போதே கேட்பவரின் கண் சற்றுக் கீழே இறங்கும். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே வந்து நிற்கும். அங்கேயும் வழித்து எடுத்திருந்தால் அடுத்த வார்த்தை வராது. தலைமுடி மட்டும் போயிருந்தால் சாமிக்கு. மீசையும் சேர்ந்து போயிருந்தால் வீட்டில் சாவு.

என் அப்பா இறந்து, காரியத்தன்று மண்டபத்தின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் என்னை உட்காரவைத்து இரண்டையும் எடுத்தார்கள். என் மண்டை இவ்வளவு மேடு பள்ளமானது என்று அன்றுதான் தெரிந்தது. மெட்ரோ வேலைக்குத் தோண்டிவிட்டு மூடிய சாலை மாதிரி இருந்தது. வந்திருந்த உறவினர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். வேறெதுவும் தோன்றவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி உடம்பு முழுக்கப் பரவிவிட்ட மாதிரி இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அப்பா இறந்துவிட்டார் என்ற வாக்கியத்தை அதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாருக்கும் மாமாதான் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் சொன்னதுகூட ஒரு நர்ஸ்தான்.

மறுநாள் உறவினர்கள் கிளம்பினார்கள். மயிலாப்பூரில் எங்கள் இரண்டு அறை வீட்டில் நானும் அம்மாவும் மிஞ்சினோம். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"எத்தன நாளு செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப? ஒன் வேலயப் பாரு, போ."

என் வேலை வீடியோ கேம் விமர்சனம். முதலில் சிரித்து முடித்துவிடுங்கள். பாண்டி பஜாரை ஒட்டி, ரவிக்கைத் துணிக் கடை ஒன்றின் மாடியில் என் கல்லூரி நண்பன் ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறான். அதில் கேம் விளையாடி, அது எப்படி என்று தமிழில் சொல்லிச் சிரிக்கவைப்பவன் நான். அந்த வாரம் ஒரு பெரிய கேம் வெளியாவதாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து நாங்களெல்லாம் தமிழ் டப்பிங்கில் பார்த்த ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் ஒன்று உண்டு. அதன் ஆட்களை ஒருவரோடு ஒருவர் மோதவிடும் சண்டை கேம். விமர்சகர்களுக்கு முன்கூட்டியே அனுப்பும் பிரதி, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே எனக்கு வந்துவிட்டது. திறந்துகூடப் பார்க்கவில்லை.

இருவர் சேர்ந்து ஆடும் பகுதியையும் பார்க்க இன்னொரு கண்ட்ரோலர் வேண்டும். அதை வாங்கிவர நண்பனின் அறைக்கு ஆட்டோவில் போனேன். ஓட்டுநர் கண்ணாடியில் என் தலையைப் பார்த்தார்.

"இன்னா சார், திர்ப்பதியா?"

"ஆமாங்க."

அவர் கண் கண்ணாடியில் கீழே இறங்கியது.

"மீசயுமா எட்த்துட்டாங்கோ?"

"தலைக்கு மீசை ஃப்ரீன்னாங்க. விடுவேனா?"

நல்ல ஜோக் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. பாடிக்கொண்டிருந்த எஃப்எம்மை நிறுத்தினார். தி. நகர் வரை ஒரு ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டினார். சென்னை ஆட்டோவில் இது நடந்தது என்று சொன்னால் அப்பாவே நம்பமாட்டார்.

கேமைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதுதானே தொழில். ஒரு கல்யாண மண்டபம் நிரம்பும் அளவுக்கு ஆட்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு உடை, ஆளுக்கொரு அலறல். கதையாக ஆடும் பகுதியில் ஐந்து நிமிடம் சண்டை, பத்து நிமிடம் பேச்சு, எங்கள் குடும்பத்துச் சொத்துப் பஞ்சாயத்து மாதிரி. நான் துண்டு வாத்தியாரை எடுத்துக்கொண்டேன். தொடரில் அவர் ஒரு பொதுக் குளியலறையை நடத்தும் பெரியவர். வழுக்கைத் தலை, கற்றை மீசை. ஆயுதம் ஈரத் துண்டு ஒன்றுதான். துண்டு வாத்தியார் என்பது நாங்கள் வைத்த பெயர். கேமில் அவரை யாரும் எடுக்கமாட்டார்கள். அவ்வளவு மெதுவானவர். அவருடைய பெரிய அடி விழ வேண்டுமானால் துண்டை முறுக்கி, பிழிந்து, உதறி, அப்புறம்தான் வீச வேண்டும். அதற்குள் எதிராளி டீ குடித்துவிட்டு வந்து அடிக்கலாம். அடித்தார்கள். வாத்தியார் விழுந்தார், எழுந்தார், விழுந்தார். எனக்குக் கோபம் வரவில்லை, தோற்ற எரிச்சல்கூட இல்லை. கட்டை விரல்கள் அவை பாட்டுக்கு வேலை செய்தன.

நான் ஆடும்போதெல்லாம் அப்பா பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசனை சொல்வார். யோசனை எப்போதும் தப்பான நேரத்தில்தான் வரும். சண்டை நின்று திரையில் கதை ஓடும்போது, "அவன் களச்சிட்டான்டா, இப்ப அடி, இப்ப அடி" என்பார். "அப்பா, இது படம், இதுல அடிக்க முடியாது" என்பேன். "முடியாதுன்னு நீயா முடிவு பண்ணாத" என்பார். அன்று கதைக் காட்சிகள் வந்தபோதெல்லாம் நான் எந்தப் பட்டனையும் அழுத்தித் தாண்டவில்லை. கடைசிவரை ஓடவிட்டேன்.

விமர்சனத்தை ஒரே மூச்சில் பதிவு செய்து அனுப்பினேன். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்கிறவரைப் போலப் பேசியிருந்தேன். நண்பன் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டான்.

"மச்சி, மூஞ்சில ஒரு எக்ஸ்பிரஷன் இல்லாம கலாய்க்கிறியே, வேற லெவல்டா. இவ்ளோ நாளா எங்க வச்சிருந்த இந்த ஸ்டைல?"

"ஸ்டாக் வந்துச்சு, எறக்கினேன்."

கொஞ்சம் தயங்கினான். "தம்னெயில் படத்துல ஒன் மொட்டையையும் அந்த வாத்தியாரயும் பக்கத்துல பக்கத்துல வச்சா... வேணாம்னா வேணாம்டா."

"வை" என்றேன். வேண்டாம் என்றால் ஏன் என்று பேச வேண்டியிருக்கும்.

வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. நான் சிரிக்கவைக்க முக்கி முக்கிச் செய்த எதற்கும் கிடைக்காத கூட்டம். 'ரிவ்யூவுக்காக மொட்டையே அடிச்ச தெய்வமே' என்று ஒருவர். 'டெடிகேஷன்னா இது' என்று இன்னொருவர். கறாரான ரசிகர்களும் உண்டு. 'வாத்தியாருக்கு மீசை இருக்கு ப்ரோ, நீங்க அதையும் எடுத்துட்டீங்க, மார்க் கட்' என்று எழுதியிருந்தார்கள். எல்லாருக்கும் ஆளுக்கொரு ஜோக் பதிலாகப் போட்டேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் அப்படியே கிடந்தது. பெயர் தெரியாத யாரோ, நடுவில் எங்கோ எழுதியது:

'அண்ணா, மீசையும் இல்லையே. வீட்ல யாரு?'

அதைப் பார்ப்பேன். மேலே தள்ளுவேன். மறுபடி தேடிக் கண்டுபிடித்துப் பார்ப்பேன்.

அம்மாவின் காதுக்கு விஷயம் மேல் வீட்டுப் பெண் வழியாகப் போனது. இரவுச் சாப்பாட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"கேமுக்காக மொட்ட போட்டியாமே?"

"அவங்களா நெனச்சிக்கிட்டாங்கம்மா."

"நீ இல்லன்னு சொல்லலியா?"

நான் அப்பளத்தை உடைத்தேன்.

"ஒங்கப்பாவுக்குன்னு சொல்ல அவ்ளோ கஷ்டமா ஒனக்கு? ஊரையே சிரிக்க வக்கிற வாயி." கரண்டி பாத்திரத்தில் விழுந்த சத்தம் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. "சொல்லிடு. இல்லன்னா அந்த மனுஷனுக்கு நீ செஞ்சது எதுவும் செஞ்சதாவே ஆகாது."

"சொல்றேம்மா."

சொல்லத்தான் உட்கார்ந்தேன். கேமராவை வைத்து, "நண்பர்களே, இந்த மொட்டை" என்று ஆரம்பித்தேன். "இந்த மொட்டை" என்பதே ஜோக்கின் முதல் வரி மாதிரி விழுந்தது. இன்னும் சீரியஸாகச் சொல்லிப் பார்த்தேன், இன்னும் நல்ல ஜோக்காக இருந்தது. அழுதாவது தொலைக்கலாம் என்றால் கண் பாலைவனம். அழித்துவிட்டேன்.

அதற்குள் ஒரு மாலில் அந்தத் தொடரின் ரசிகர்கள் கூடும் நிகழ்ச்சிக்கு என்னைத் துண்டு வாத்தியாராகவே வரச்சொல்லிக் கேட்டார்கள். நண்பன் மறுபடியும் "வேணாம்னா வேணாம்டா" என்றான். நான் மறுபடியும் "பரவால்ல" என்றேன். முந்தின நாள் மதியம் அவன் வாசலில் நின்றபடியே ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு வெள்ளைத் துண்டு. ரங்கநாதன் தெருவில் வாங்கிய ஒட்டு மீசை ஒன்று. கூடவே ஒரு சின்ன டியூப் பசை.

அம்மா அடுக்களையில் இருந்தாள். ஹாலில் பீரோக் கண்ணாடி முன் நின்று, துண்டைத் தோளில் போட்டு, மீசையை ஒட்டினேன். நிமிர்ந்தேன்.

என் அப்பாவுக்கு, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, தலையில் முடி கிடையாது. இருந்ததெல்லாம் மீசையில்தான். இத்தனை நாள் வாத்தியாரை வைத்து ஆடியவனுக்கு இது தோன்றவே இல்லையா என்று கேட்பீர்கள். தோன்றவில்லை. அந்த ஊசி அவ்வளவு நல்ல ஊசி.

பின்னால் அம்மா நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. கையில் அவரைக்காய் முறம். பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். முறத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்தாள்.

"கொஞ்சம் எறக்கு."

"என்னம்மா?"

"அவருக்கு எடது பக்கம் எறங்கித்தான் இருக்கும். சமமா வெட்டிக்கோங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாயிதான் வலிச்சிது."

பசை காய்வதற்குள் கட்டை விரலால் இடது நுனியைக் கீழே நகர்த்தி அழுத்தினாள். விரலில் அவரை நார் வாசனை. இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். தலை சாய்த்து இன்னொரு தரம் பார்த்தாள். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காயை எடுத்தாள்.

"செத்த இப்படி உக்காரு. அப்புறம் கழட்டிக்கலாம்."

எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் நார் உரித்தாள். நடுநடுவே நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்தாள். வாழ்க்கையில் எனக்கு ஒரு ஜோக்கும் வராத நேரம் அதுதான். முறத்தில் காய் முழுக்க முடிந்ததும், "போதும், எடுத்துரு" என்று எழுந்து உள்ளே போனாள்.

ரங்கநாதன் தெருப் பசையைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன். பிய்க்கும்போது பாதி உதடு கூடவே வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பசையால்தான். மீசையை எடுத்துப் பையில் போட்ட பிறகும் நிற்கவில்லை, அதற்கு என்ன காரணம் சொல்வதென்று தெரியவில்லை. துண்டு தோளிலேயே இருந்தது வசதியாகப் போயிற்று.

போன் அடித்தது. நண்பன்.

"மச்சி, மீச செட் ஆச்சா? நாளைக்கு காலைல நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"நான் வரலடா."

"ஏன்டா? என்னாச்சு?"

"எங்கப்பா செத்துட்டார்டா."

அந்தப் பக்கம் மாடிக்குக் கீழே யாரோ ரவிக்கைத் துணிக்குப் பேரம் பேசுவது மட்டும் கேட்டது.

"டேய்," என்றான் மெதுவாக. "நான்தானடா பாடைக்கு முன்னால தோள் குடுத்தேன்."

"தெரியும். சும்மா ஒரு தடவ சொல்லிப் பாத்தேன்."

"சரி மச்சி. மால்காரங்க கிட்ட நான் பேசிக்கிறேன். நீ சொல்லு. இன்னொரு தடவ வேணா சொல்லு."

சொன்னேன். அடுக்களையில் தாளிக்கும் சத்தம் நின்றது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். போனை வைத்துவிட்டு, கமெண்டுகளுக்கு நடுவில் கிடந்த அந்தக் கேள்வியைத் தேடி எடுத்து, அதன் கீழே 'அப்பா' என்று எழுதினேன்.