சவிரிமுத்து அண்ணை ஏறி இறங்கிய பதினேழு வீடுகள்

"ரீச்சர், அப்பா செத்துப் போயிட்டார்" என்று ஜெனி தொலைபேசியில் சொன்னபோது காலை ஒன்பது மணி இருக்கும். இங்கே ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. "மோசம் போயிட்டார்" என்று சொல்லும் நம் வழக்கம் அவளுக்குத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பத்து வருடம் என்னிடம் படித்தவள். அந்தச் சொல்லை நான் சொல்லிக் கொடுத்ததில்லை. சிறுபிள்ளைகளுக்கு அது எதற்கு என்று விட்டிருப்பேன். பிறகு அவள், "அடக்கத்துக்கு வெள்ளிக்கிழமை நேரம் கிடைச்சிருக்கு. இஞ்ச மலையிலதான். அப்பா அப்பிடித்தான் சொல்லி வைச்சவர்" என்றாள்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவளே கேட்டாள். ஹனோவரில் உள்ள உங்களில் பலருக்கு ஜெனியின் அப்பா சவிரிமுத்து அண்ணையைத் தெரியும். ஆனால் அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு வேறு எதையும் என்னால் எழுத முடியவில்லை.

மன்னாரிலிருந்து வந்த அவரை அகதி விண்ணப்பம் முடியும்வரை இருக்கச் சொல்லி அனுப்பிய இடம், ஹார்ஸ் மலையில் ஆற்றோரத்துச் சிற்றூர் ஒன்று. மூடிப்போன ஒரு விருந்தினர் விடுதியில் நம்மவர் இருபது பேரை வைத்திருந்தார்கள். விசா கிடைத்ததும் பத்தொன்பது பேர் ஹனோவருக்கும் எசனுக்கும் போய்விட்டார்கள். அவர் மட்டும் அங்கேயே முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை எடுத்து, வழக்கு நடக்கும்போதே வந்து சேர்ந்திருந்த மனைவி றோசலின் அக்காவோடு இருந்துவிட்டார்.

ஓர் ஊர் எப்படி இருக்கிறது என்று அறிய அதன் பஸ் நேர அட்டவணையைப் பார்த்தால் போதும் என்று வகுப்பில் சொல்வேன். நான் முதன்முதல் அங்கே போனபோது தரிப்பிடத்துப் பலகை முழுவதும் எண்கள். கடைசியாகப் போனபோது பாதிக்கு மேல் வெள்ளைத் தாள். காற்று நல்லது என்று வந்து தங்கிய விருந்தாளிகள் நின்றுபோனார்கள். பள்ளிக்கூடம் மூடப்பட்டது. பிறகு பாண் சுடும் கடை. மேலே மலைச்சரிவில் வண்டு அரித்த ஊசியிலை மரங்கள் சாம்பல் நிறத்தில் நின்றபடியே செத்திருந்தன. ஆறு ஒன்றுதான் மாறவில்லை. கல்லில் மோதி இரைந்துகொண்டே, அடியிலுள்ள கூழாங்கல்லை எண்ணலாம் போலத் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. ஹனோவருக்கே வந்துவிடுங்கள் என்று நான் சொன்னால், "உங்கட ஆறு படுத்திருக்குது ரீச்சர். எங்கடது நடக்குது" என்பார்.

அந்த ஆற்றங்கரையில் அவருக்கு ஒரு துண்டுத் தோட்டம் இருந்தது. மே மாதம் முதல் இலையுதிர் காலம் வரை முளைக்கீரை, பசளி, வெந்தயக்கீரை, கொத்தமல்லி. சனிக்கிழமைகளில் பஸ்ஸும் ரயிலும் மாறி, இரண்டு பெரிய பைகளோடு தமிழ்ப் பள்ளிக்கு வருவார். ஜெனி படித்து முடித்து டார்ம்ஸ்டாட்டுக்கு வேலைக்குப் போன பிறகும் வந்தார். வீட்டுக்கு ஒரு கட்டு, சிறுபிள்ளை இருக்கும் வீட்டுக்கு இரண்டு. "ஆத்துத் தண்ணியில அலசினது, சும்மா ஒருக்காக் கழுவினாக் காணும்" என்பார். என்னைப் பார்த்து, "அந்தச் சிவத்தப் பேனையை வைச்சிட்டு வந்து கீரையை ஆயுங்கோ ரீச்சர்" என்று பிள்ளைகள் முன்னாலேயே பகிடி விடுவார். அவரது பையைச் சுற்றித்தான் தாய்மார் கூடிக் கதைத்தார்கள்.

இனி, இங்கே அரசாங்கக் கடிதங்கள் வரும் மஞ்சள் உறையைப் பற்றிச் சொல்லவேண்டும். அகதி வழக்கு நடந்த காலத்தில் அந்த உறையில் வந்தவை பெரும்பாலும் நிராகரிப்புகள். றோசலின் அக்கா அவற்றை உடனே பிரிக்க விடமாட்டார். மடு மாதா படத்தின் பின்னால் சொருகி, மூன்று நாள் செபமாலை சொன்ன பிறகே ஜெர்மன் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோவார்கள். விசா கிடைத்துப் பல வருடம் கழித்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. அப்படி அக்கா சொருகிய கடைசி உறை, அவர் ஆஸ்பத்திரிக்குப் போன வாரத்தில் வந்தது. அவர் திரும்பி வரவில்லை. உறை படத்தின் பின்னாலேயே மூன்று கோடைகாலம் இருந்தது.

அந்தக் கோடைகளில் பக்கத்துத் தோட்டக்காரர்கள் கீரையையும் சலாட்டையும் விட்டுவிட்டுப் பூச்செடி வைத்தார்கள். அவர்களுக்கு வயது போய்விட்டது, குனிய ஏலாது என்று அண்ணை எங்களுக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். இவருக்கும் எல்லாம் தெரியும் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன், சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் படத்தைக் கழற்றியபோது உறை கீழே விழுந்தது. ஒட்டியது ஒட்டியபடி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "றோசலின் வைச்சது, ரீச்சர். பிரிச்சு வாசியுங்கோ" என்றார். மேசைக் கத்தியால் நான்தான் பிரித்தேன். ஆற்றங்கரைத் தோட்டக்காரர் எல்லாருக்கும் மாவட்ட அலுவலகம் அனுப்பிய கடிதம் அது. மலையில் பழைய காலத்தில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன, அவற்றின் கழிவை ஆறு கொண்டுவந்து கரையில் படியவிட்டிருக்கிறது, தோட்ட மண்ணைச் சோதித்ததில் ஈயம் கூடுதலாக இருக்கிறது, ஆகவே அங்கே இலை மரக்கறி பயிரிடக்கூடாது என்று எழுதியிருந்தது.

அவர் இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னார்.

"கீரை எண்டு போட்டிருக்கோ?"

"இலை மரக்கறி எண்டு போட்டிருக்கு, அண்ணை."

"அப்ப கீரைதான்."

ஊற்றிய தேநீர் ஆறிப்போனது. ஒரு தாள் கேட்டார். தான் கீரை கொடுத்த வீடுகளை நினைத்து நினைத்து எழுதினார். பதினேழு வந்தது.

நான் அவரைத் தடுத்தேன். நடந்தது நடந்துவிட்டது, இனிக் கொண்டுவராமல் விட்டால் போதும், சொன்னால் சனம் வீணாகப் பயப்படும் என்றேன். அவர் கோபப்படவில்லை. "பயப்பிடட்டும், ரீச்சர். சாப்பிட்டது அவையின்ர பிள்ளையள்" என்றார். பிறகு, தயங்கித் தயங்கி, "நீங்களும் ஒருக்கா என்னோட வாறீங்களோ? இந்தக் கடிதத்தை விளங்கப்படுத்த எனக்கு ஏலாது" என்று கேட்டார். எனக்கு முழங்கால் வலி என்றேன். வலி இருந்தது உண்மை. அந்த வலியோடுதான் மறுநாள் சந்தைக்குப் போய் வந்தேன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பதினேழு வீடுகளுக்கும் அவர் தனியாகப் போனார். கதவடியிலேயே நின்று கடிதத்தை நீட்டி, பிள்ளைகளை டொக்டரிடம் காட்டும்படி சொன்னார். சுகந்தியின் வீட்டில்தான் கதை திரும்பியது. இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய் சுகந்தி. ஜெர்மன் நன்றாகத் தெரிந்தவள். அவள் கடிதத்தின் திகதியைப் பார்த்தாள். "மூண்டு வருஷமா உங்களிட்ட இருந்திருக்கு. தெரிஞ்சுகொண்டுதானே தந்திருக்கிறியள்" என்று கேட்டாளாம். "தெரியாது பிள்ளை" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரத்தம் சோதித்த பிள்ளைகள் எல்லாருக்கும் பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார். ஆனால் "தெரிஞ்சுகொண்டே தந்தவர்" என்ற பேச்சு அதற்குள் பரவிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை வெறுங்கையோடு பள்ளிக்கு வந்தார். மேலங்கி கொழுவும் இடத்தருகே நின்றார். ஒருவரும் கிட்டப் போகவில்லை. உறை ஒட்டியபடி இருந்தது, பிரித்தவள் நான் என்று அந்த மண்டபத்தில் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நான் வரவுப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியை உடைத்துவிட்டுத் தானே வந்து சொல்லும் பிள்ளையைத் தண்டிக்காதீர்கள் என்று பெற்றோர் கூட்டங்களில் எத்தனையோ தடவை உதாரணம் காட்டியவள் நான்.

அன்று பின்னேரம் தொலைபேசியில், என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று அவரைக் கேட்டேன். "உங்களை ஏன் இழுப்பான்? பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறனீங்கள்" என்றார். நான் நன்றி சொன்னேன். இதை எழுதும்போது அந்த நன்றியை நினைக்கவே கூசுகிறது. அதன் பிறகு அவர் ஹனோவர் பக்கம் வரவில்லை. எப்போதாவது கூப்பிட்டால், "இஞ்ச மழை, ரீச்சர். ஆறு பெருகியிருக்கு" என்பார். வேறு கதை இல்லை. நெஞ்சுவலி இருந்ததை ஜெனிக்குக்கூடச் சொல்லவில்லை.

அடக்கத்துக்கு ஹனோவரிலிருந்து மூன்று பேர் போனோம். பக்கத்துத் தோட்டக்காரர்கள் கறுப்புக் கோட்டுகளில் நம்மைவிடக் கூடுதலாக வந்திருந்தார்கள். சேமக்காலை மலைச்சரிவில் இருக்கிறது. அதற்கு மேலே அந்தச் செத்த மரங்கள். மண் போடும்போது ஜெனி என்னைப் பார்த்து, "சனம் வரேல்ல, என்ன ரீச்சர்?" என்றாள்.

போன கிழமை சுகந்தி வீட்டுக்குப் போனேன். உறை ஒட்டியபடிதான் இருந்தது, பிரித்தவள் நான் என்று கதவடியில் நின்றபடியே சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்று, "அப்ப ஏன் ரீச்சர் அண்டைக்குச் சொல்லேல்ல?" என்று மட்டும் கேட்டாள். முழங்கால் என்று தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

இன்னும் பதினாறு வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வருகிறேன். சவிரிமுத்து அண்ணையிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒன்றுதான். ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுத் திரும்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது என்பதை அவர் எனக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.