நாளைக்கு இரண்டு கணவாய்

ஆட்களை மலைக்குக் கூட்டிப்போகிற தொழிலில் கால் நோவு இரண்டு நாளில் போய்விடும், காது நோவு சீசன் முழுக்க நிற்கும். சொந்தக்காரர் பத்துப் பேரை ஒரே வாகனத்தில் ஏற்றி லூர்து மாதாவிடம் கூட்டிப்போய் வந்தவர் யாராவது உங்களில் இருந்தால், நான் மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. நீங்களும் என் கட்சிதான்.

பாரிசுக்கு வந்த புதிதில் ஒரு ஹோட்டலில் அறை துப்பரவாக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கோடையில் முதலாளி, தன் தமக்கை நடத்துகிற மலை விடுதியின் குசினியில் சமையல் உதவிக்கு ஆள் தேவை என்று என்னை அல்ப்ஸுக்கு அனுப்பினார். ரோட்டே இல்லாத இடம்; மூன்று மணித்தியாலம் நடந்துதான் போகவேண்டும். அழுதுகொண்டு போனவள் ஆறு கோடை அங்கேயே நின்றேன். பிறகு பரீட்சை எழுதி, மலையில் வழிகாட்டுவதற்கான டிப்ளோம் எடுத்தேன். இப்போது ஜூனிலிருந்து செப்ரெம்பர் வரை பாரிசின் லா ஷப்பல் பகுதித் தமிழ்ச் சனத்தை அல்ப்ஸ் கணவாய்களுக்கு மேலால் நடத்திக் கூட்டிப்போகிறேன். மிச்ச மாதங்களில் லா ஷப்பலிலேயே ரூ காய் தெருவில் ஒரு புடவைக் கடையில் சேலை மடிக்கிறேன்.

கைட் எங்கை?

என் முதல் குழுவில் ஏழு பேர். காலை ஆறரைக்கு கார் து லியோன் ஸ்டேஷனில் சந்திப்பதாக ஏற்பாடு. ஆர்ஜொந்தெயிலிருந்து வந்த சிவநேசன் அண்ணை, கந்தோர் உத்தியோகத்தர், எல்லோருக்கும் முதல் வந்து நின்றார். புதுச் சப்பாத்து, புதுத் தொப்பி, புது நடைத்தடி. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு என் தலைக்கு மேலால் எட்டி எட்டி யாரையோ தேடினார். "தங்கச்சியும் எங்களோடையோ வாறீங்கள்? கைட் இன்னும் வரேல்லை, பாருங்கோ. ரெயினுக்கு நேரமாகுது."

"நான்தான் அண்ணை கைட்" என்றேன். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். என் உயரம் ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. தள்ளிப்போய் மனைவிக்கு ரெலிபோன் எடுத்து, "ஓம், கைட் வந்தாச்சு. சின்ன உருவம்தான். ஏதும் எண்டால் நான் தூக்கிக்கொண்டு வருவன்" என்று சொன்னது எனக்கும் கேட்டது.

இரண்டாம் நாள், கணவாய்க்கு ஒரு மணித்தியாலம் இருக்கும்போது அவருடைய முழங்கால் மக்கர் பண்ணியது. அவருடைய பையையும் வாங்கி என் பைக்கு மேலே கட்டிக்கொண்டு ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்ததும் சிக்னல் கிடைத்தது. மனைவிக்கு மறுபடி ரெலிபோன்: "பையைக் கைட்டிட்டைக் குடுத்திட்டன். பாவம், அந்தப் பிள்ளைக்குப் பாரம் போதாமல் இருந்தது."

ரெண்டு கொல்

மலைக்கும் மலைக்கும் நடுவே தாண்டிப்போகக்கூடிய பள்ளத்தை பிரெஞ்சில் 'கொல்' என்பார்கள். எங்கள் தொழிலில் நாளுக்கு நூறு தரம் அந்தச் சொல் வரும். அதன் ஆபத்து எனக்கு ஒரு மே மாதம் புடவைக் கடையில்தான் விளங்கியது.

மகளின் கலியாணத்துக்குக் கூறைச்சேலை பார்க்க ஒரு அம்மா வந்திருந்தா. சேலைகளை விரித்துவிட்டு, ஒரு பக்கமாகத் திரும்பி ரெலிபோனில் வாடிக்கையாளர் ஒருவருக்குப் பயணத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். "முதல் நாள் ஒரு கொல்தான் அண்ணை. ரெண்டாம் நாள் ரெண்டு கொல். காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. பயப்பிடாதேங்கோ, போன வருஷம் அறுபத்தைஞ்சு வயசுக்காரர் ஒராள் அஞ்சு கொல் செய்தவர்." திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா சேலையைக் கீழே போட்டுவிட்டுக் கதவுப் பிடியில் கையை வைத்தபடி நிற்கிறா.

இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, கொல் என்றால் கணவாய் என்று விளக்க எனக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. மூச்சு வந்ததும் அந்த அம்மா சொன்னா: "அதை முதலே தமிழிலை கணவாய் எண்டு சொல்லியிருந்தால், கறிக்குக் கணவாய் மீன் கதைக்கிறாய் எண்டு நான் பேசாமல் சேலையைப் பாத்திருப்பன்."

போத்தல்

மலை விடுதிகளில் இரவுச் சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதான்: சூப், சோளமாக் களி, பாற்கட்டி. எங்கள் ஆட்கள் முதல் நாள் பொறுப்பார்கள். இரண்டாம் நாள் யாரோ ஒருவருடைய பையிலிருந்து கருவாட்டுச் சம்பல் போத்தல் வெளியே வரும். அன்றைக்கும் வந்தது. மூடி திறந்த மறுநிமிடம் பக்கத்து மேசை ஜெர்மன்காரர் ஜன்னலைத் திறந்தார்.

விடுதிக்காரி மார்த்தின், நான் முந்தி வேலை செய்த விடுதியின் அதே அம்மாதான், குசினியிலிருந்து வந்து எங்கள் மேசைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றா. அடுத்த முறை எங்களுக்கு இடம் கிடைக்காது என்று முடிவே செய்துவிட்டேன். அவ கரண்டியை எடுத்து, களியில் கொஞ்சம் சம்பலை வைத்து வாயில் போட்டா. கண்ணால் தண்ணீர் ஓடியது. இன்னொரு கரண்டி. பிறகு என்னைப் பார்த்து பிரெஞ்சில் சொன்னா: "நாளைக்கு நீங்கள் எல்லாரும் போகலாம். போத்தல் இங்கேயே நிற்கட்டும்."

றீற்றா அன்ரியின் செபமாலை

மன்னார் றீற்றா அன்ரிக்கு அறுபத்திரண்டு வயது. நடையில் இளம் ஆட்களை விழுத்துவா. ஒரே ஒரு பலவீனம், சிலுவையைக் கண்டால் நிற்பா. அல்ப்ஸில் பாதிக் கணவாய்களில் சிலுவை இருக்கிறது.

அன்றைக்குக் காலையே மத்தியானத்துக்கு முன் கணவாயைத் தாண்டவேண்டும், பின்னேரம் இடி வரும் என்று சொல்லியிருந்தேன். படம் எடுப்பதும் பிஸ்கட் தின்பதுமாகப் பிந்திவிட்டோம். மேலே ஏறியபோது மேற்கே வானம் கத்தரிக்காய் நிறம். மற்றவர்களைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டுத் திரும்பினால், அன்ரி அந்த உயரமான இரும்புச் சிலுவையடியில் முழங்காலில். கையில் செபமாலை. "அன்ரி, எழும்புங்கோ." "செபம் முடிய இன்னும் ரெண்டு பத்து இருக்குப் பிள்ளை." சிலுவையிலிருந்து தேனீக் கூட்டம் போல ஒரு இரைச்சல் வரத் தொடங்கியது. என் கை மயிர் எல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. மின்னல் அங்கேதான் விழப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

என் அம்மா வயது மனுசியை அப்படி நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. "எழும்படி! இப்ப எழும்பு!" என்று கத்தி, தோளில் பிடித்து இழுத்து, சறுக்கி விழுந்து, இருவருமாகக் கீழே ஓடினோம். முதல் வளைவு தாண்டிப் பாறைக்குக் கீழே குந்தியிருந்தபோது மேலே வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. நிலம் அதிர்ந்தது. விடுதிக்கு வந்து சேர்ந்தோம். அன்ரியிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று கிட்டப் போனேன். என் தலையில் கைவைத்துச் சொன்னா: "மாதாதான் உன்ரை வாயாலை என்னை ஏசினவ."

யோகன் நீட்டிய அட்டை

யோகன் வன்னியிலிருந்து வந்தவன். பாரிசில் ஸ்டாலின்கிராட் மெற்றோ பக்கத்தில் ஒரு உணவகத்தில் சமைக்கிறான். முப்பது வயதிருக்கும். பிரியான்சோன் பக்கம், இத்தாலி எல்லையில் இருக்கிற கணவாய் என்று நான் சொன்னதும், வேறு ஒன்றும் கேட்காமல் பெயரைப் பதிந்தான். இரண்டு நாளும் எல்லோருக்கும் பின்னால் நடந்தான்.

கணவாயில் மற்றவர்கள் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்தபோது அவன் ஒரு கல்லில் இருந்து இத்தாலிப் பக்கத்தையே பார்த்தான். முகம் வெளிறியிருந்தது. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுபோனேன். "அக்கா, நான் இந்த வழியாலைதான் பிரான்சுக்கு வந்தனான்" என்றான். மார்ச் மாதம், துணிச் சப்பாத்து, கூட இரண்டு பேர், முழங்கால்வரை பனி. முன்னால் போனவனின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லையாம். இறங்கி வந்தபோது இரண்டு கால்விரல் கறுத்திருந்ததாம். "ஒருக்கா அந்தப் பக்கம் இறங்கி, திரும்ப வருவமோ?"

போனோம். எல்லைக் கல்லைத் தாண்டி ஐம்பது அடி இறங்கியிருப்போம். எதிரே ஒரு பிரெஞ்சு மூதாட்டி தடியை ஊன்றிக்கொண்டு ஏறி வந்து, "போன்ஜூர்!" என்றா. யோகன் பொலிஸைக் கண்டவன் போல சடாரென்று உள்சட்டைப் பையில் கைவிட்டு, பொலித்தீனில் சுற்றியிருந்த தன் வதிவிட விசா அட்டையை எடுத்து நீட்டினான். மனுசி அட்டையை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "படம் நல்லாயிருக்கு. கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன்பாட்டில் ஏறிப்போனா.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கியது. மறுபடியும் சிரிப்பு. கணவாய்க்குத் திரும்பி ஏறும்போது இரண்டு தரம் நின்று சுற்றிவரப் பார்த்தான். ஏரி, கீழே மாட்டு மணிச் சத்தம், தூரத்தில் வெள்ளைச் சிகரங்கள். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "இவ்வளவு வடிவான இடமெண்டு அண்டைக்கு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா."

மலையைப் பற்றி மூன்று வருடம் படித்துத்தான் எனக்கு டிப்ளோம் கிடைத்தது, மனிதரைப் பற்றி அதில் ஒரு பாடமும் இருக்கவில்லை.