கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். அதைப் பெருமையாகவே சொல்கிறேன். மிதிக்க வைத்தவர் அண்ணன்.

அண்ணன் வத்தலக்குண்டுக்குக் கிழக்கே, மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள எங்கள் ஊரில் பிறந்தார். அவரை ஆறாம் வகுப்பில் சேர்த்த அன்று அப்பா வாத்தியாரைக் கும்பிட்டு, "கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிருங்க சார்" என்றார். நீங்கள் எல்லோரும் சொல்வதுதான். அப்பா அதை மரியாதை என்று நினைத்தார். வாத்தியார் அனுமதி என்று எடுத்துக்கொண்டார்.

ஏழாம் வகுப்பில் ஒருநாள், பூப்பறித்துவிட்டுத் தாமதமாகப் போன அண்ணனை வாத்தியார் இடது கன்னத்தில் அறைந்தார். காதிலிருந்து ரத்தம் வந்தது. வாத்தியார் காரணமில்லாமலா அடிப்பார் என்று அப்பாவும் அண்ணன் முதுகில் இரண்டு வைத்தார். பள்ளிக்குப் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன்பின் அந்தக் காது கேட்கவே இல்லை. கேள்விக்குப் பதில் சொல்லாத திமிர் பிடித்தவன் என்று அவரைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள். ஆண்டு முடிவதற்குள் அவர் பூ மூட்டை தூக்கப் போய்விட்டார். வாத்தியார் வாக்குத் தவறவில்லை, கண்ணை விட்டுவிட்டார். காதைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அதே பள்ளியில் என்னைச் சேர்க்க, அப்பாவை வீட்டில் நிறுத்திவிட்டு அண்ணன் வந்தார். அதே வாத்தியார் தலைமையாசிரியராகியிருந்தார். "என்னப்பா, உங்கப்பா சொன்னதத்தான் நீயும் சொல்லப்போறியா?" என்று சிரித்தார்.

"இல்ல சார். இவ மேல கை வைக்கக் கூடாது. எதுல பின்தங்குறான்னு ஒரு போன் போடுங்க, வாரேன். வீட்ல நான் பாத்துக்கிறேன்."

"ஏழாப்பத் தாண்டாதவன், நீ பாத்துக்கிறியாக்கும்?"

"தாண்ட விடலையே சார்" என்றார் அண்ணன்.

அதன்பின் மாதம் ஒருமுறை வந்து ஒவ்வோர் ஆசிரியரிடமும் என்னைப் பற்றிக் கேட்டார். கணக்கு டீச்சர்தான் முதலில் அவருக்கு நாற்காலி போட்டார். எனக்குப் பின்னம் புரியவில்லை என்று டீச்சர் சொன்ன அன்று மாலையே, அண்ணன் மல்லிகையைக் காலும் அரையுமாக நிறுத்துக் காட்டினார். தினமும் அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். கோபம் வந்தால் நான் இடப்பக்கம் போய் நின்று, தோழிகள் சிரிக்க, "செவிடா" என்பேன். ஒருநாள் அண்ணன் சொன்னார்: "அந்தப் பக்கம் நின்னு பேசுனா கேக்காது பாப்பா. சிரிக்கிறது தெரியும்."

என் பி.எட். முடியட்டும் என்று தம் கல்யாணத்தை இரண்டு முறை தள்ளி வைத்தார். மூன்றாவது முறை தள்ள அவர் இல்லை.

சென்ற ஆண்டு வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில், பின்னோக்கி வந்த பேருந்துக்கு நடத்துநர் விசில் அடித்தார். எல்லோரும் விலகினார்கள். ஒற்றைக் காதுக்குச் சத்தம் கேட்கும். எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாது. அண்ணன் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பேருந்து இடப்பக்கமாக வந்தது. ஓட்டுநர் மேல் குற்றமில்லை.

பதினாறாம் நாள் வாத்தியாரும் வந்து சாப்பிட்டார். "நல்ல பையன். படிப்புத்தான் ஏறல" என்றார். அப்பா எழுந்து நின்று அவரைக் கும்பிட்டார்.

இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "அத மட்டும் விட்டுரு தாயி" என்றார். விடவில்லை.

அண்ணனைத் தூக்கி மடியில் கிடத்திய பூக்காரப் பெண்களுக்கும், மருத்துவமனைக்கு ஓட்டிய ஆட்டோக்காரருக்கும், நாற்காலி போட்ட கணக்கு டீச்சருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நான் இப்போது ஆசிரியை. ஜூன் மாதம் உங்களில் சிலர் பிள்ளைகளை என்னிடம் கூட்டி வருவீர்கள். நாற்காலி இருக்கிறது. உட்காருங்கள், பிள்ளையைப் பற்றிப் பேசுவோம். அப்பா சொன்னதை என்னிடம் சொல்கிறவர்கள், அடுத்த ஆண்டு அண்ணனின் படத்துக்கு மாலை கொண்டுவர வேண்டாம்.