சாமுராயைக் கூப்பிடும் முறை

விழுப்புரத்துக் கலைப்பிரியா என்ன வேலை பார்க்கிறாள் என்பதை அவள் மாமியாருக்குப் புரியவைக்க இன்றுவரை யாராலும் முடியவில்லை. சென்னையில் உள்ள ஒரு வீடியோ கேம் கம்பெனிக்காக வீட்டில் இருந்தபடியே சாமுராய் என்னும் ஜப்பானிய வாள்வீரர்களை உருவாக்குகிறாள். வாளின் நீளம், உறையிலிருந்து உருவும் வேகம், எதைச் செய்தால் மானம் ஏறும், எதைச் செய்தால் இறங்கும், எல்லாம் அவள் தீர்மானம்தான். முதுகில் குத்தினால் மானம் இறங்கும். அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும்போது நீள வாளை வாசலிலேயே வைக்காவிட்டாலும் இறங்கும். இத்தனை தெரிந்தவள் தன் மகளின் காதுகுத்துக்குக் கூடப்பிறந்த அண்ணனை வாட்ஸ்அப்பில் அழைத்தாள். புத்தி எங்கே போயிற்றோ!

அண்ணன் திருமுருகனுக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மொத்த வியாபாரம். காதுகுத்து பெருமுக்கல் மலைக்கோயிலில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய் அழைக்கவேண்டிய ஆளுக்குப் பத்திரிகை போனில் வந்தால் சும்மா இருப்பாரா? வேட்டி கட்டிய தன் மடியைப் படம் பிடித்துத் தங்கைக்கு அனுப்பினார். கூடவே குரல் பதிவு:

"வாட்ஸ்அப்புலதானே கூப்ட்ட? மடியையும் வாட்ஸ்அப்புலயே அனுப்பிட்டேன். பாப்பாவ அதுமேல உக்கார வச்சிக்க."

கலைப்பிரியாவும் லேசுப்பட்டவள் இல்லை. கோபத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே. விளையாட்டின் கடைசியில் வரும் எதிரித் தளபதிக்கு அண்ணனின் மூக்கையும் மீசையையும் வைத்தாள். முறையாக அழைத்தால்தான் சண்டைக்கு வருவான் என்று விதியும் எழுதினாள்.

சில நாளில் கம்பெனி மேலாளர் சக்கரபாணி போன் செய்தார்.

"என்னம்மா இது பேஜாரு? கேம டெஸ்ட் பண்ற நம்ம பசங்க கத்திய வச்சிக்கினு அவனச் சுத்திச் சுத்தி வர்றாங்க. அந்தாளு மூஞ்சத் திருப்பிக்கினு உக்காந்திருக்கான்!"

"முறையா கூப்பிடல சார். நீள வாள வாசல்ல வச்சிட்டு, தட்டோட உள்ள போகணும்."

"அவன் எதிரிம்மா!"

"எதிரின்னா மரியாத வேணாமா சார்?"

சாயங்காலம் அவரே மறுபடியும் போன் செய்தார்.

"தட்டும் குடுத்துப் பாத்தாச்சும்மா. அசைய மாட்டேங்கறான்."

அவளே விளையாடிப் பார்த்தாள். தளபதி திரும்பவே இல்லை. தான் எழுதியதை மேலும் கீழும் புரட்டிய பிறகுதான் நினைவு வந்தது. அவன் மனைவியையும் தனியாக அழைக்க வேண்டும் என்று ஆத்திரத்தில் அவளே எழுதி வைத்திருந்தாள். அண்ணனை அச்சு அசலாக உள்ளே உட்கார வைத்திருக்கிறாள்! முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. இந்த மனிதர் நிஜமாகவே வரமாட்டார். பிள்ளை யார் மடியில் உட்காரும்?

மறுநாளே தட்டு, வெற்றிலை, பழம், குங்குமம் எல்லாம் எடுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினாள். வேலை பாக்கியிருந்ததால் லேப்டாப் பையும் கூடவே வந்தது. அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியவள், என்ன நினைத்தாளோ, பையையும் அதன் பக்கத்திலேயே வைத்தாள்.

"அண்ணே, குடும்பத்தோட வரணும்" என்று தட்டை நீட்டினாள். அண்ணன் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, குங்குமச் சிமிழோடு சமையல்கட்டுக்குப் போனாள்.

"அண்ணி, நீங்க வந்து நின்னாதான் எனக்கு விசேஷம்."

குங்குமத்தை எடுத்துக்கொண்ட அண்ணி அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "இன்னாங்க, என்னயும் கூப்ட்டாச்சு. இன்னும் என்னா பிகு?"

அண்ணன் எழுந்தார். வாசலுக்குப் போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இத ஏன் வெயில்ல போட்டுட்டு வந்த?"

"நீள வாள வாசல்ல வச்சிட்டுதாண்ணே உள்ள வரணும்."

"லூசு மாதிரி பேசாத" என்றவர், பீரோவைத் திறந்து ஒரு சின்ன நகைப்பெட்டியை எடுத்துத் தட்டில் வைத்தார். உள்ளே குழந்தைக் கம்மல். கலைப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத எப்பண்ணே வாங்குன?"

"நீ மெசேஜ் அனுப்புனியே, அன்னிக்குச் சாயங்காலமே" என்று சொல்லி மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதுக்காக, வாட்ஸ்அப்புல கூப்ட்டா வந்துடுவனா?"