மொட்டை மாடியில் முளைத்த வம்பு

பொன்னுத்தங்கத்துக்குப் புல்லைக் கண்டால் ஆகாது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபது வருஷமாக அவளுக்கு ஒரே வேலை, ஷெட்டுகளைச் சுற்றிப் புல் பூண்டு இல்லாமல் செதுக்குவது. காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் நேரே வெடிமருந்து அறைக்குத்தான் ஓடும். அப்படி ஓடிய ஒரு நாளில்தான் அவள் தங்கை சோலையம்மாள் போனாள். அன்று பொன்னுத்தங்கம் காய்ச்சலில் வீட்டில் கிடந்தாள். அதற்கப்புறம் அவள் லீவே போட்டதில்லை.

அந்தக் கம்பெனி மூடியதும், எனக்கு மதினி முறையாச்சே என்று சிவகாசியில் நான் பைண்டிங் பார்க்கிற அச்சகத்துக்கு அவளைக் கூட்டி வந்தேன். அங்கே என்ன வேலை கொடுத்தார்கள் என்கிறீர்கள்? மாடியில் புல் வளர்க்கிற வேலை!

மேனேஜர் ஹரிபிரசாத் எங்கேயோ கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்து, குழாய்த் தண்ணீருக்கு நாள்கணக்கில் காத்துக்கிடக்கிற ஊரில் மாடி முழுக்க மண் பரப்பிப் புல் நட்டிருந்தார். மழைத்தண்ணீரை அது பிடித்து வடிகட்டித் தொட்டிக்கு அனுப்புமாம், கட்டடச் சூடும் குறையுமாம். சும்மா சொல்லக்கூடாது, சூடு குறைந்தது.

"கோடையில காயும்மா. காயட்டும், வேர் உசுரோட இருக்கும். மழை பெஞ்சா துளிர்த்துரும்" என்று அவளிடம் சொல்லிவைத்தார்.

பங்குனிப் பொங்கல் வந்தது. கோயில் வாணவேடிக்கை எங்கள் மாடிக்கு நேர் மேலேதான் வெடிக்கும். புல்லோ மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. "சார், ஒரு பொறி போதும் சார்" என்று கெஞ்சினாள். அவர் சிரித்துவிட்டு வெளியூர் போனார். இவள் களைக்கொத்தியோடு மாடி ஏறி, அம்புட்டையும் வேரோடு வழித்துவிட்டாள்.

"இனி பயமில்ல சார். நிம்மதியா தூங்குங்க" என்று திரும்பி வந்தவரிடம் சொல்லிவிட்டு, பாராட்டுவார் என்று நின்றாள், பாவி மனுஷி. அன்றே வேலை போயிற்று.

அடுத்த மாதம் கோடை மழை பிடித்தது. பிடித்து நிறுத்தப் புல் இல்லாத மண் முழுக்கத் தொட்டிக்குள் இறங்கியது. மறுபடி நடலாமென்றால் அந்த ஜாதிப் புல் எந்த நர்சரியிலும் இல்லை. ஆனால் பொன்னுத்தங்கம் ஆட்டுக்கென்று அள்ளிப்போய் வீட்டுக்குப் பின்னால் கொட்டிய புல் வேர்பிடித்துத் தளதளவென்று நின்றது. நான்தான் பார்த்துவிட்டு மேனேஜரிடம் சொன்னேன்.

"புல்லையும் வாங்கிக்குவோம், அந்தம்மாவையும் திரும்பச் சேத்துக்குவோம். ஆனா புல்லு வேணும்னு முன்னாடியே சொல்லிராதீங்க, விலை வச்சுருவாங்க" என்றார். என்ன சாமர்த்தியம்!

அவர் சொன்னபடியே போன் போட்டேன். "மதினி, நாளைக்கு மேனேஜர் உங்க வீட்டுக்கு வாராரு. வேலை திரும்பக் கிடைக்கும்."

"ஆத்தாடி, நம்ம வீட்டுக்கா!" என்றாள்.

மறுநாள் வாசலில் கோலம். பொன்னுத்தங்கம் நல்ல சேலையில் நின்றாள். ஹரிபிரசாத் நேரே வீட்டுக்குப் பின்னால் போனார், நானும் ஓடினேன். பெருக்கிய வெறுந்தரை பளிச்சென்று கிடந்தது.

"நீங்க வாரீகன்னுதான் சார், விடியுமுன்னே எல்லாத்தையும் செதுக்கிப்புட்டேன். வேரைக்கூட விடல, அடுப்புல போட்டுட்டேன்."

அவர் குனிந்து தரையைக் கிளறிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"எப்ப சார் வேலைக்கு வரட்டும்?" என்று கேட்டாள் பொன்னுத்தங்கம்.